பாலத்தடித் தராசு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாத்திரையைத் தினமும் போடுகிறாயா, இல்லை வலி வந்தால்தான் ஞாபகம் வருகிறதா?

ஒரு காரியமாக எழுதுகிறேன். எங்கள் நிறுவனத்தில் ஊட்டச்சத்துத் துறையின் தலைவர் பதவி காலியாகிறது. ஏப்ரல் நடுவில் தேர்வுக் குழு கூடும். அவர்கள் ஆளைப் பார்ப்பதில்லை, ஆள் வெளியிட்ட கட்டுரைகளின் பட்டியலைத்தான் பார்ப்பார்கள். என் பட்டியலில் எழுபத்தொன்று இருக்கின்றன. எழுபதை ஒரு தட்டிலும் முதல் கட்டுரையை மறு தட்டிலும் வைத்தால் முதல் கட்டுரைதான் தாழும். இருபத்தாறு வருடம் முன்னால் உன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து எழுதினேனே, அதுதான். இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளில் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். எங்கள் உலகத்தில் ஒருவனுடைய மதிப்பு அந்த எண்தான்.

இப்போது வேறொரு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவி அந்தக் கட்டுரையின் மூல எண்களைக் கேட்கிறாள். மூன்று கடிதம் போட்டுவிட்டாள், எல்லாம் கேள்விதான். அவளுக்கு நான் கேள்விக்குறி என்றே பெயர் வைத்துவிட்டேன். குழு கூடும் முன் அவள் வாயை அடைக்க வேண்டும். பாலத்தடிக் காப்பகத்தில் நீ ஆயாவாக இருந்தபோது குழந்தைகளின் எடையைக் குறித்து வைத்தாயே, அந்த மூன்று நீல அட்டை நோட்டுகள் உன்னிடம்தான் இருக்கின்றன. கூரியர்காரரை வீட்டுக்கே அனுப்புகிறேன், கொடுத்துவிடு.

இந்த வேலை முடிந்ததும் கட்டாயம் வருகிறேன்.

உன் அன்புத் தம்பி


ஜனவரி 27

என் செல்லக் குண்டூசிக்கு,

அக்கா எழுதுவது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஊருக்கெல்லாம் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்கிறவன் ஒரு டம்ளர் காப்பியோடு பகலை ஓட்டிவிடுவாய் என்பது எனக்குத் தெரியும்.

"இந்த வேலை முடிந்ததும் கட்டாயம் வருகிறேன்." இதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எழுபத்தொரு கட்டுரைக்கும் இதையேதான் எழுதியிருக்கிறாய். ஒவ்வொன்று அச்சானதும் ஒரு பிரதி அனுப்புவாயே, அத்தனையும் அலமாரியில் இருக்கின்றன. எனக்கு அந்தப் பாஷை தெரியாது. முதல் பக்கத்தில் உன் பெயர் எங்கே என்று தேடுவேன், விரலால் தடவிப் பார்ப்பேன், பிறகு மேல் மூலையில் பென்சிலால் ஒரு வரி எழுதி வைப்பேன். நாற்பத்து நாலாவது: மகள் கல்யாணம், தம்பி வரவில்லை. ஐம்பத்தெட்டாவது: அவர் போய்விட்டார், தம்பி வரவில்லை. உனக்கு அது பட்டியல், எனக்கு அது காலண்டர்.

நோட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் கூரியர்காரரிடம் கொடுக்க மாட்டேன். வேண்டுமென்றால் நீ வந்து வாங்கிக்கொள். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ "ம்" கொட்டிக்கொண்டே வேறு எதையாவது படிப்பாய். கடிதமென்றால் இரண்டு கையாலும் பிடித்தாக வேண்டும்.

போன வாரம் பாத்திரம் கழுவும்போது வளையல் தானாகக் கழன்று தொட்டியில் விழுந்துவிட்டது. தேடி எடுக்க அரை மணி ஆயிற்று. வேறு விசேஷம் இல்லை.

உன் அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. ஐம்பத்தெட்டாவதைச் சொல்லிக் காட்டிவிட்டாய். அத்தான் போனபோது வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதை விட்டுவிடு என்று கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

ஆனால் நோட்டு விஷயத்தில் விளையாடாதே. கேள்விக்குறி நான்காவது கடிதமும் போட்டுவிட்டாள். ஒப்பிட்ட இரண்டு காப்பகங்களில் ஆலைக் காப்பகத்துக் குழந்தைகளின் எடையைத் தராசு காட்டியபடியே போட்டிருக்கிறீர்கள், பாலத்தடிக் குழந்தைகளின் எடையை மட்டும் ஏன் கூட்டிப் போட்டீர்கள் என்கிறாள். இதில் ஒளிவுமறைவு என்ன இருக்கிறது? ஆலையில் தராசைச் சரிபார்க்க இருபது கிலோ இரும்புக்கல் இருந்தது. பாலத்தடியில் கல் இல்லை, நீதான் இருந்தாய். சனிக்கிழமைதோறும் குழந்தைகளுக்கு முன்னால் நீ ஏறி நிற்பாய். கல்யாணமான நாளிலிருந்து நீ ஐம்பத்து நாலு கிலோ, கூடவும் மாட்டாய் குறையவும் மாட்டாய் என்று அத்தானே கேலி செய்வார். வாரம் போகப் போகத் தராசு உன்னைக் குறைத்துக் காட்டியது. அதற்கு வயதாகிவிட்டது, முள் இறுகிவிட்டது என்று புரிந்துகொண்டு, அது விழுங்கிய அளவைக் குழந்தைகள் கணக்கில் திருப்பிச் சேர்த்தேன். கட்டுரையிலும் எழுதியிருக்கிறேன்: "தராசு வாரந்தோறும் ஒரு நிலையான எடையைக் கொண்டு சரிபார்க்கப்பட்டது." அந்த நிலையான எடை நீதான். நானூற்றுப் பன்னிரண்டு தடவை மேற்கோள் காட்டப்பட்ட அக்கா உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது, போ.

அதனால் நோட்டுகளை அனுப்பிவிடு. குழு முடியட்டும், வருகிறேன்.

உன் தம்பி


மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். மகள் பத்து நாள் வந்திருந்தாள், அதனால் நேரம் இல்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். அவள் வந்தது இரண்டே நாள்.

நோட்டுகளை எடுத்து வெயிலில் வைத்தேன். அட்டை கொஞ்சம் உப்பியிருக்கிறது, எழுத்து நன்றாகத் தெரிகிறது. அப்போது என் கையெழுத்து எவ்வளவு அழகு! முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் பெயரும் வரிசையாக இருக்கிறது. அதில் ஒருத்தி இப்போது நம் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறாள். என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பாள்.

புதுச் சட்டை தைக்கக் கொடுத்தேன். பழைய அளவுக்கே தைக்கச் சொன்னேன், தையல்காரர் கேட்கவில்லை. "இது உங்க அளவே இல்லம்மா, தோள்ல தொங்குது"னு சொல்லி இரண்டு விரல் உள்ளே பிடித்துவிட்டார். வம்புக்காரர்.

ஒன்று கேட்க வேண்டும். இத்தனை வருடமாகக் கேட்டதில்லை. அந்தக் கட்டுரையில் என்னதான் எழுதியிருக்கிறாய்? எனக்குப் புரிகிற மாதிரி சொல். அதைப் படித்துவிட்டு ஊர் உலகத்தில் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்.

உன் அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்கா,

இருபத்தாறு வருடம் கழித்துக் கேட்டாயே, சந்தோஷம். மாணவர்களுக்குச் சொல்கிற மாதிரியே சொல்கிறேன்.

ஒரே ஊரில் இரண்டு காப்பகங்கள். இரண்டு இடத்திலும் ஒரே வயதுக் குழந்தைகள், ஒரே மாதிரி வீடுகள். ஆலைக் காப்பகத்தில் தினமும் மூன்று மணிக்கு ஒரு கிண்ணம் சத்துணவு கூடுதலாகக் கொடுத்தோம். பாலத்தடியில் கொடுக்கவில்லை. ஒன்பது மாதம் எடை பார்த்தோம். கிண்ணம் கிடைத்த குழந்தைகள் சராசரியாக ஒரு கிலோ தொள்ளாயிரம் கூடினார்கள். கிடைக்காதவர்கள் ஒரு கிலோ எண்ணூற்றைம்பது. அதாவது வித்தியாசமே இல்லை. கூடுதல் உணவு போட்டால் பிள்ளைகள் தேறிவிடும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அப்படி இல்லை என்று எண்ணோடு சொன்னவன் நான். அதனால்தான் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊர் உலகம் என்ன செய்தது என்று கேட்டாய். பாடப்புத்தகங்களில் வந்தது. கொள்கை வகுப்பவர்கள் படித்தார்கள். சில இடங்களில் காப்பகங்களுக்குக் கொடுத்துவந்த மாலைக் கிண்ணத்தை, இது வீண்செலவு என்று என் கட்டுரையைக் காட்டி நிறுத்தினார்கள். ஒரு ஆராய்ச்சிக்கு இதைவிடப் பெரிய செல்வாக்கு வேறென்ன வேண்டும்?

குழு கூட இன்னும் ஒரு மாதம். நோட்டு, நோட்டு, நோட்டு!

உன் தம்பி


மார்ச் 30

தம்பி,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நோட்டுகளை இதோடு அனுப்புகிறேன். நீயே நேரில் வந்தால் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் இழுத்தடித்தேன். உன்னைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் பொய்யில்லை. இரண்டும் சேர்ந்துதான் கூரியர்காரரைத் திருப்பி அனுப்பியது.

அந்த ஒன்பது மாதமும் கிண்ணங்களை ஏற்றிய வண்டி பாலத்தடிக் காப்பகத்தைத் தாண்டித்தான் ஆலைக்குப் போகும். உனக்கு அது தெரியுமா என்று தெரியவில்லை. நீ சனிக்கிழமை மட்டும் வருவாய். வண்டிச் சத்தம் கேட்டதும் முப்பத்தெட்டும் ஜன்னலுக்கு ஓடும். வாசனை உள்ளே வரும், வண்டி நிற்காது. "ஆயா, நமக்கு எப்ப வரும்?" என்று கேட்பார்கள். நாளைக்கு என்பேன்.

நீ என்னிடம் சொல்லியிருந்தாய்: "அக்கா, இவங்களுக்கு ஒரு வாய் கூடக் கூடுதலா குடுத்துடாத, குடுத்தா என் படிப்பே போச்சு." நான் தலையாட்டினேன். முதல் வாரம் என் டிபன் பாக்ஸைத் திறக்காமல் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். அத்தனை கண்ணுக்கும் முன்னால் எனக்கு இறங்கவில்லை. இரண்டாவது வாரம் திறந்தேன். நான் சாப்பிடவில்லை. யார் அதிகமாக வாடியிருக்கிறார்களோ அவர்களுக்கு உருட்டி உருட்டி ஆளுக்கொரு வாய் கொடுத்தேன். ஒன்பது மாதமும் கொடுத்தேன். ஒருநாள் கூட என் மதியச் சாப்பாட்டை நான் சாப்பிடவில்லை. உன்னிடம் சொல்லவும் இல்லை.

பத்தொன்பது வயசில் அப்பாவை இழந்துவிட்டுப் படித்து மேலே வந்த பிள்ளை நீ, உன் பேரைக் கெடுக்கக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டேன். கிண்ணத்தை நிறுத்திவிட்டார்கள் என்று நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். நான் ஊட்டினதால்தானே பாலத்தடிப் பிள்ளைகள் தேறினார்கள்? அதனால்தானே கிண்ணம் வீண் என்று ஆயிற்று? எங்கெங்கோ ஜன்னலுக்கு ஓடுகிற பிள்ளைகளுக்கு வண்டியே வராமல் போனது என் கையால்தான்.

திட்டு. ஆனால் திட்டியாவது எழுது.

அக்கா


மே 5

தம்பிக்கு,

ஐந்து வாரம் ஆகிவிட்டது. நோட்டுகள் கிடைத்ததாகக் கூரியர் ஆபீசில் சொல்கிறார்கள். நீ கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாய். அதைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். உன் கையெழுத்துதான்.

தபால்காரர் சைக்கிளை எதிர்வீட்டில் நிறுத்தினால் வாசலுக்கு ஓடி வந்து நிற்கிறேன். இன்றைக்கு அவரே, "ஒண்ணும் இல்லம்மா, வந்தா நானே கூப்பிடுறேன், வெயில்ல நிக்காதீங்க" என்றார்.

மோதிரம் விரலில் நிற்காததால் நூல் சுற்றிப் போட்டிருக்கிறேன். உன் அத்தான் போட்டது, கழற்றி வைக்க மனமில்லை. மகள் டாக்டரிடம் போகச் சொல்லித் தொந்தரவு செய்கிறாள். போய்க்கொள்ளலாம்.

பதவி கிடைத்ததா? அதையாவது எழுது. கோபமாக இருந்தால் ஒரு வெற்றுத் தாளை மடித்து அனுப்பு. உன் கை பட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

அக்கா


ஜூன் 11

என் அக்காவுக்கு,

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. முதலில் அதைப் படித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடி. பிறகு மிச்சத்தைப் படி.

நோட்டுகள் வந்த அன்றே உட்கார்ந்தேன். நீ கொடுத்த வாய்களைக் கணக்குப் போட்டேன். ஒரு ஆள் சாப்பாட்டை முப்பத்தெட்டால் வகுத்தால் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது இரண்டு ஸ்பூன் கூட இல்லை. அதனால் எந்தத் தராசு முள்ளும் அசையாது. பாலத்தடிக் குழந்தைகள் உன்னால் தேறவில்லை, அக்கா. அவர்கள் தேறவே இல்லை.

ஒவ்வொரு சனிக்கிழமைப் பக்கத்திலும் முதல் வரி நீ. ஐம்பத்து நாலு. ஐம்பத்து மூன்றரை. ஐம்பத்து மூன்று. கடைசிப் பக்கத்தில் ஐம்பது. இந்த வரியை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் தராசு கெட்டுவிட்டது என்றுதான் படித்தேன். மதியச் சாப்பாடு இல்லாத ஒன்பது மாதம் என்று நீ எழுதிய பிறகுதான், முதல் தடவையாக, அதை என் அக்காவின் எடை என்று படித்தேன்.

தராசு சரியாகத்தான் இருந்தது. நீதான் குறைந்துகொண்டிருந்தாய்.

நீ இழந்த நாலு கிலோவை வைத்து முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் எடையையும் உயர்த்தினேன். அந்தத் திருத்தத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் அவர்கள் கூடியது தொள்ளாயிரம் கிராம். கிண்ணம் கிடைத்தவர்கள் கூடியதில் பாதி கூட இல்லை. கிண்ணம் பலித்தது, அக்கா. நான்தான் பலிக்கவில்லை என்று எழுதிவிட்டேன்.

அந்த ஒன்பது மாதமும் சாயங்காலம் உன் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். "ஏன்டி இப்படி இளைச்சுட்ட?" என்று அத்தான் என் முன்னாலேயே கேட்டார். "வெயில்" என்று நீ சொன்னாய். நான் தலை நிமிரவில்லை. குழந்தைகளின் கை சுற்றளவை அட்டவணையில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

பத்து வாரம் ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். பூசி மெழுகப் பார்த்தேன். உண்மை அதுதான். மாணவியின் வாயை அடைக்க ஒரு பதிலும் தயார் செய்தேன். தள்ளிப்போன குழுவும் மே நடுவில் கூடியது, என்னையே தேர்ந்தெடுத்தது. அன்றைக்கு எல்லோரும் கைகுலுக்கினார்கள், வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன், முதல் வரியில் நீ நின்றுகொண்டிருந்தாய். மறுநாள் போய்ப் பதவி வேண்டாம் என்றேன். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதினேன், அந்த மாணவிக்கும் எழுதினேன். அவள் பதில் ஒரே வரி, முதல் தடவையாகக் கேள்விக்குறி இல்லை: "நன்றி ஐயா, கிண்ணத்தைத் திரும்பக் கொடுக்கச் சொல்லிச் சேர்ந்து எழுதலாம்." எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இனி என் பட்டியலில் எழுபது. நிறுவனத்தில் விசாரணை வைத்திருக்கிறார்கள். ஆகஸ்டில் முடியும். முடிந்ததும் வருகிறேன்.

இன்னொன்று. உன் கடிதங்களையும் நோட்டைப் படிப்பது போலத் தேதிவாரியாக அடுக்கிப் படித்தேன். ஜனவரியில் வளையல். மார்ச்சில் சட்டை. மே மாதம் மோதிரம். இந்தச் சனிக்கிழமை ஒரு தராசில் ஏறி, அது காட்டுவதை அப்படியே எழுது. இந்தத் தடவை நம்புகிறேன்.

உன் தம்பி


ஜூன் 24

என் குண்டூசிக்கு,

தண்ணீர் குடிக்கச் சொன்னாய், குடித்தேன். பிறகு அழுதேன். பிறகு உன் முதல் கட்டுரையை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அதில் மட்டும் மூலையில் நான் எதுவும் எழுதவில்லை. அந்த வருடம்தான் நீ என் வீட்டில் இருந்தாயே.

உன் பேர் போய்விட்டதே என்று வருத்தமாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். எங்கோ ஒரு வண்டி இனிமேல் நிற்கும் என்று நினைத்தால் கொஞ்சம் ஆறுகிறது. பேருந்து நிலையத்துப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். "அந்த உருண்டை ருசி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு ஆயா" என்றாள். இரண்டு ஸ்பூன் என்று நீ கணக்குப் போட்டுச் சொல்கிறாய். இருக்கட்டும்.

டாக்டரிடம் போனேன். ரத்தம், மலம், எல்லாம் பார்த்துவிட்டார்கள். வியாதி ஒன்றும் இல்லையாம். "வீட்ல யார்கூட சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். இது என்ன கேள்வி என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். உன் அத்தான் போன பிறகு ஒருத்திக்காக அடுப்பு மூட்டச் சலிப்பாக இருக்கிறது, தம்பி. மூட்டினாலும் நின்றபடியே இரண்டு வாய் போட்டுக்கொண்டு தட்டைக் கழுவிவிடுகிறேன். எதிரே ஒரு ஆள் இல்லாத சாப்பாடு எனக்குத் தொண்டையில் நிற்கிறது. இதை உனக்கு எழுதக் கூடாது என்று நான்கு வருடம் எழுதாமல் இருந்தேன்.

விசாரணை முக்கியம். ஆகஸ்டில் முடிந்ததும் வா.

சனிக்கிழமை மருந்துக்கடையில் ஏறி நின்றேன். நாற்பத்து மூன்று. கடைக்காரரையும் ஏறச் சொல்லிப் பார்த்தேன். தராசு சரியாகத்தான் இருக்கிறது.

அக்கா


ஜூலை 1

அக்கா,

நீ எழுதியதை நம்பினேன். விசாரணைக்கு நான் சொல்ல வேண்டியதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மிச்சத்தை அவர்கள் நான் இல்லாமலே விசாரிக்கட்டும். மூன்று மாத விடுப்பு. டிக்கெட் எடுத்தாயிற்று. சனிக்கிழமை ஒரு மணிக்கு வீட்டில் இருப்பேன். இந்தத் தடவை எந்த வேலையும் முடியவில்லை, எல்லாம் பாதியில் கிடக்கிறது, அப்படியே போட்டுவிட்டு வருகிறேன்.

எனக்காகப் பட்டினியாகக் காத்திருக்காதே. பாதி சாப்பிட்டு வை. மீதியை என் எதிரே உட்கார்ந்து சாப்பிடு, நான் தலை நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

தம்பி